படம் பார்க்காத சாட்சி

முதல் அநியாயத்திலிருந்து தொடங்குகிறேன், கேளுங்கள். நடுவில் குறுக்கிட வேண்டாம். அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் குற்றச்சாட்டு செல்லாது. இது நான் கட்டிய விதி.

முதலாவது, தார். மோகனதாரா என்று ஒரு கவர்ச்சி நடிகை இருந்தாள். கேள்விப்படாதது போல முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள் ஐயா, உங்கள் வயதுக்காரர்களில் அந்தப் பெயர் தெரியாதவர் கிடையாது. நனைந்த சேலையோடு அருவியில் அவள் ஆடிய படம் இந்த டாக்கீஸில்தான் வந்தது, நாம் உட்கார்ந்திருக்கிற இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். நான் அப்போது பண்பாட்டுக் காப்பு முன்னணியின் நகரச் செயலாளர். சட்டியில் தாரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் முழுக்க அவள் போஸ்டருக்குப் பூசினேன். விளைவு? மறுநாள் டிக்கெட் கிடைக்கவில்லை. தாருக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்க ஜனம் முண்டியடித்தது. ஒரு வாரத்தில் தூக்க வேண்டிய படம் பொங்கல் தாண்டி ஓடியது. போராட்டத்தை விளம்பரமாக்கிய மக்கள்! இது முதல் அநியாயம்.

இரண்டாவது, தடியடி. டாக்கீஸ் வாசலில் மறியல் செய்தபோது என் வலது தோளில் விழுந்தது. அதன் பிறகு இந்தக் கை காதுக்கு மேலே போகாது. தலை வாருவதும் இடது கை, முழக்கமிடுவதும் இடது கை. தோளோடு கழுத்தும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, பார்த்தால் தெரியும்.

மூன்றாவது, தலைவர். தார் பூசச் சொன்ன அதே தலைவர், அந்தப் படத்தின் வெற்றி விழாவில் மோகனதாராவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேடயம் கொடுத்தார். பத்திரிகையில் படம் வந்தது. பல் தெரியச் சிரிக்கிறார்.

நான்காவது, நீக்கம். "தலைவரே, தார் எங்கே?" என்று துண்டறிக்கை போட்டேன். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில் படித்ததுதான், ஆனால் அந்த அறிக்கையைப் படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "அறவாழிக்கும் முன்னணிக்கும் இன்று முதல் எந்தத் தொடர்பும் இல்லை." ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது அதுதான் கடைசி. கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவன் நகர்ந்து நின்றான்.

ஐந்தாவது அநியாயம்தான் இன்றைய வழக்கு. அதற்குமுன் உங்களை எதற்கு இங்கே கூட்டிவந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் பழனி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. இன்று போகி, பஸ் எல்லாம் தாமதமாகத்தான் வரும்.

நாங்கள் நான்கு பேர். மட்டப் படச் சபை என்று பெயர். ஞாயிறுதோறும் காலைப் பலகாரம் முடிந்ததும் இந்த மூடிய டாக்கீஸின் பின்சுவர் ஓரம் கூடுவோம். மட்டமான படங்களைப் பற்றி மட்டும்தான் பேசுவோம். நல்ல படத்தைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மட்டமான படத்துக்கு யார் இருக்கிறார்கள்? அதற்கும் யாரோ உழைத்திருக்கிறார்கள், யாரோ திட்ட வேண்டாமா? தெய்வசிகாமணி, தையல்காரர். மீரான் ராவுத்தர், இதே டாக்கீஸில் படம் ஓட்டிய ஆபரேட்டர். திலகவதி டீச்சர், ஓய்வு பெற்றவர், கணக்கு வாத்தியார். அப்புறம் நான்.

மற்ற நாள் எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரக் காத்திருப்பதும் வேலைதான்.

எங்கள் பக்கத்தில் போகிக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்து வீட்டுக்குக் காப்புக் கட்டுவார்கள். சபை மட்டும் அன்று காலை ஒரு போஸ்டரை எரிக்கும். அந்த வருடத்தின் மிக மட்டமான படம் எது, அதைக் கெடுத்த ஆள் யார் என்று தீர்ப்புச் சொல்லி எரிப்போம். குற்றப்பத்திரிகை எழுதுவது நான். பெயருக்கு இடம் விட்டு எழுதுவேன். அன்று காலையில் யார் வேண்டுமானாலும் ஒரு பெயரை முன்மொழியலாம். பிறகு நான் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பேன், என் முகத்தைப் பார்த்துப் பயந்து யாரும் கையைக் கீழே போட்டுவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு வாக்கு இல்லை, வழக்கு நடத்துகிறவன் நான். மற்றவர்கள் கை தூக்குவார்கள். எண்ணிப் பெயர் சொல்வது வெளியூர் ஆள் ஒருவர், அந்தப் படத்தைப் பார்க்காதவர். பார்த்தவர் எண்ணினால் மனசுக்குப் பிடித்த மாதிரி எண்ணுவார். அப்படி ஒரு போகியில் பெரிய சண்டையே வந்தது. அதனால்தான் பஸ் நிலையத்தில் உங்களிடம் முதலில் கேட்டேன், 'செம்மண் சீற்றம்' பார்த்தீர்களா என்று. இல்லை என்றீர்கள். உங்களைப் போல ஆள் கிடைப்பது கடினமில்லை, அந்தப் படத்தை யாருமே பார்க்கவில்லை.

பெயர் முடிவானதும் நான் அதைக் குற்றப்பத்திரிகையில் சேர்த்து உரக்க வாசிப்பேன். போஸ்டரில் அந்த ஆள் இருக்கும் பாகத்தைக் கிழித்துத் தீயில் போடுவோம். அடுத்த போகி வரை அந்தப் பெயரைச் சபையில் யாரும் உச்சரிக்கக் கூடாது. அந்த ஆளே நேரில் வந்து நின்றாலும் ஒரு வருடம் சபையில் இடம் கிடையாது. இதை எழுதியபோது எல்லோரும் சிரித்தோம். எந்த நடிகன் இந்த மூத்திரச் சந்துக்கு வரப்போகிறான் என்று ராவுத்தர் கேட்டார்.

இப்போது ஐந்தாவது.

போன வருடம் கோடையில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். வாய்க்கால் தண்ணீருக்காக ஒரு ஊரே கிளம்பிய கதையாம். நான் வாய்க்கால் தண்ணீருக்காகவும் சிறை போனவன். யாரோ சொல்லி என் வீட்டுக்கே வந்தார் டைரக்டர். முழங்கால் தெரியும் கால்சட்டை. "ஐயா, நீங்க பெரிய போராட்டக்காரர்னு சொன்னாங்க. நம்ம படத்துல நீங்க இருக்கணும்" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். எதற்கு? புகழுக்கா? ஒரு போராளி எப்படி நிற்பான், எப்படிப் பேசுவான் என்று இந்த நாடு ஒருமுறையாவது திரையில் பார்க்கட்டும் என்றுதான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். பேசுவதற்கு உரை தயாரித்தேன்.

போய் நின்றால், ஒரு பையன் ஒரு பேன்ட்டைக் கொடுத்து மாட்டச் சொல்கிறான். நான் போராட்டத் தலைவர் இல்லையாம். மதகு அதிகாரியாம். தண்ணீரைத் திறக்க மாட்டேன் என்று சொல்லும் அரசாங்க ஆள். அப்படியானால் தலைவர் யார் என்று கேட்டேன். டைரக்டர் மரத்தடியைக் காட்டினார். நாற்காலியில் நரைத்த தலையோடு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருக்கிறாள், மோகனதாரா.

யோசித்துப் பாருங்கள் ஐயா. தண்ணீருக்காகச் சிறை போனவன் அதிகாரி. தண்ணீரில் ஆடியவள் போராளி. இதைவிட ஒரு கோணல் தேர்வு தமிழ்ச் சினிமாவில் நடந்திருக்கிறதா?

திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. களத்தை விட்டு ஓடிய பழக்கம் எனக்கு இல்லை.

அவள்தான் கூப்பிட்டாள். "ஐயா வாங்க, உக்காருங்க. கோஷம் போடறப்ப கை எப்படிங்க போகணும்? இவங்க சொல்லிக் குடுக்கறதைப் பார்த்தா பஸ்ஸை நிறுத்தற மாதிரி இருக்கு."

கேட்டால் சொல்லத்தானே வேண்டும். முதலில் உள்ளங்கை விரிந்திருக்க வேண்டும், முழக்கத்தின் கடைசிச் சொல்லில்தான் விரல்கள் மூட வேண்டும் என்று செய்து காட்டினேன். இன்னொரு தரம் என்றாள். காட்டினேன். எழுந்து என் எதிரில் நின்றுகொண்டு செய்தாள். "கையைப் பார்க்காதீர்கள், எதிரியின் கண்ணைப் பாருங்கள்" என்றேன். உச்சி வெயில் சாயும் வரை விடவில்லை. பொரியில் எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தாள்.

அப்போது சொன்னாள்: "இந்த ஊர் வழியா ஒருக்கா கார்ல போனேங்க. வழியெல்லாம் என் போஸ்டருக்குத் தார் பூசி வெச்சிருந்தாங்க. அழுதுட்டேன். அப்புறம் உத்துப் பார்த்தா, ஒரு இடத்துலகூட மூஞ்சில பூசலை. யாரோ மூஞ்சிய மட்டும் விட்டுட்டுப் பூசியிருக்காங்க. யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

பூசியது யார் என்று காட்டிக்கொள்ளாமல் பொரியைத் தின்றேன். எதிராளிக்கு எதற்கு விளம்பரம்?

தார் போதவில்லை ஐயா. வேறொன்றுமில்லை. எல்லாப் போஸ்டரிலுமா என்று கேட்பது போலப் பார்க்கிறீர்கள். ஆமாம், எல்லாப் போஸ்டரிலும் போதவில்லை.

சாயங்காலம் எங்கள் காட்சி. அவள் ஊர் ஜனத்தோடு வந்து நின்று மதகைத் திற என்கிறாள். நான் சொல்ல வேண்டியது: "மேலிடத்து உத்தரவு இல்லாம திறக்க முடியாது. கலைஞ்சு போங்க." அவ்வளவுதான். இதைச் சொன்னேன். சொன்னதும் என் இடது கை தானாக மேலே போய்விட்டது. "ஆனாலும் உங்கள் கோரிக்கை நியாயமானதே!" என்றேன்.

டைரக்டர் ஓடி வந்தார். "சார், நீங்க வில்லன் சார்! வில்லன் எதுக்கு சார் கோரிக்கை நியாயம்ங்கறான்?"

"தம்பி, அநியாயத்தின் பக்கம் நின்று பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை" என்றேன்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதையே சொன்னேன். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அந்த டைரக்டர் படம் எடுக்கும்போதே குரலையும் பிடித்துக்கொள்கிறவராம், பிறகு வேறு ஆளை வைத்துப் பேச வைப்பதில்லையாம். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மோகனதாராதான் சொன்னாள், "விடுங்க சார், அவருக்கு மனசு வரலை. இப்படியே இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன்." கடைசித் தடவை நான் அதைச் சொன்னதும் அவள் பதில் பேசவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரித்தாள். பிறகுதான் கையைத் தூக்கினாள். வசனம் மறந்துபோச்சு, பாவம். வயதாகிவிட்டது.

படம் தீபாவளி கழிந்து வந்தது. நாங்கள் நால்வரும் கோவை ரோட்டுத் தியேட்டருக்குப் போனோம். டீச்சர் முறுக்குக் கொண்டுவந்திருந்தார். நான் வரும் இடம் வந்தது. நான் பேசினேன். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. விசில். அடுத்த காட்சியில் ஜனம் மதகை உடைத்து அதிகாரியை அடிக்கிறார்கள். "ஆளு நம்ம பக்கந்தானடா, அவரை ஏண்டா அடிக்கறீங்க?" என்று ஒருவன் கத்தினான். மறுபடியும் சிரிப்பு. பார்த்தீர்களா, அடித்தது தப்பு என்று மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் பக்கம் நின்றார்கள். முதல் சிரிப்பு, அவள் வசனம் மறந்து நின்றாளே, அதற்கு.

தெய்வசிகாமணி இருட்டில் என் முழங்கால் மேல் கையை வைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் விவாதம் வந்தது. படம் மட்டம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"கலெக்டரா ஒருத்தனப் போட்டிருக்கான் பாரு, அவன் பல்பொடி விளம்பரத்துல வந்தவன். துப்பாக்கிச் சூட்டுக்கு ஆர்டர் போடறப்பக்கூட ஈன்னு காட்டறான்" என்றார் ராவுத்தர். "தண்ணிக்குச் சாகற ஊருல காதலியா வர்ற பிள்ளை நீச்சல்குளத்துல பாட்டுப் பாடுது. டைரக்டரைத்தான் எரிக்கணும்."

"தம்பியா வர்ற பையன் அக்காவை மேடம் மேடம்னு கூப்பிடறான்" என்றார் டீச்சர். "ஆனா அந்தம்மா சிரிச்சாங்க பாருங்க, மதகுகிட்ட. அதுக்காகவே நான் ரெண்டாந்தரம் போனேன். எதிரிகிட்டயும் ஒரு மனுசன் இருக்கான்னு கண்டுபிடிச்ச மாதிரி ஒரு சிரிப்பு."

"வசனம் மறந்த சிரிப்பு" என்றேன். "அவள்தான் படத்தைக் கெடுத்தாள். கவர்ச்சி நடிகையைக் கொண்டுவந்து போராளி வேடம் கொடுத்தால் இப்படித்தான். முழக்கமிடும்போது எந்தக் கையைத் தூக்குகிறாள்? இடது கையை! தலையை வேறு ஒரு பக்கம் சாய்த்துக்கொள்கிறாள். உலகத்தில் எந்தப் போராளி இடது கையைத் தூக்குவான்?"

"நீங்கதானுங்ணா தூக்குவீங்க" என்றான் தெய்வசிகாமணி.

"என் தோள் தடியடியில் போனது. அவளுக்கு என்ன கேடு?"

"அண்ணா, அது நீங்கதானுங்ணா. கண்ணு, கழுத்து, கை மூடறது எல்லாம். சொக்காய்க்கு அளவெடுத்த மாதிரி எடுத்திருக்குது அந்தம்மா. படம் பூரா நீங்கதான் வர்றீங்க. எங்க மூணு பேருக்கும் தெரிஞ்சுது, உங்களுக்குத் தெரியலீங்களா?"

என்ன பேச்சு இது! அருவியில் ஆடியவளில் நான் தெரிகிறேனாம். இதைவிட ஒரு மனிதனை எப்படி இழிவுபடுத்த முடியும்? "ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறவனுக்குப் போராட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

கேட்டது சரிதான். ஆனால் அவன் முகம் சுண்டிவிட்டது. அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான். எப்போதும் கழுத்தில் ஒரு நாடா தொங்கும். பிறகு சொன்னான்: "வருசா வருசம் போகிக்கு அந்தம்மா பேரையே சொல்லிட்டு வர்றீங்க. அதுல பாதி வருசம் அவங்க எந்தப் படத்துலயும் நடிக்கவே இல்லை. படத்துலயே இல்லாத பொம்பளைய எத்தனை போகிக்குங்ணா எரிப்பீங்க?"

"அவள் இல்லாத படத்துக்கும் அவள்தான் காரணம். கெடுத்து வைத்த ரசனை அப்படி" என்றேன். பதில் சரியான பதில். ராவுத்தர் வானத்தைப் பார்த்தார். டீச்சர் முறுக்குப் பொட்டலத்தைக் கட்டினார்.

"இந்தப் போகிக்கு நானும் ஒரு பேரு சொல்றனுங்ணா. விதி இருக்குதல்ல?" என்றான் தெய்வசிகாமணி.

"தாராளமாகச் சொல்" என்றேன். டைரக்டர் பெயரைச் சொல்வான். ராவுத்தர் சொன்னால் ஆமாம் போடுகிற ஆள். ஆனால் கை தூக்கும்போது அவனும் என் பக்கம்தான், டீச்சரும் என் பக்கம் வருவார். ஒழுக்கம் தெரிந்த குடும்பம். இன்றைக்குத் தீர்ப்பு எனக்குச் சந்தேகமில்லை ஐயா.

இதோ வந்துவிட்டார்கள். தொப்பி போட்டவர் ராவுத்தர். பின்னால் பூளைப்பூக் கட்டோடு வருகிறவர் டீச்சர். என்ன டீச்சர், காப்புக் கட்டக் காலையிலேயே வாங்கியாயிற்றா? பதிலே இல்லை. காது கேட்கவில்லை போல. தெய்வசிகாமணி, தள்ளி நிற்காதே, வா. இவர்தான் சாட்சி. பழனிக்குப் போகிறவர். படம் பார்க்கவில்லை, சத்தியம் வாங்கிவிட்டேன்.

ராவுத்தரே, அந்தப் பழைய பாயை முதலில் போடுங்கள். பிடித்துவிட்டது. புகை இந்தப் பக்கம் வருகிறது, நீங்கள் இப்படி வந்து நில்லுங்கள் ஐயா. போஸ்டரை விரி. நான்கு மூலையிலும் கல் வை. நடுவில் கை தூக்கி நிற்கிறாளே, அவள்தான். இந்த ஓரத்தில் பாருங்கள், ஒரு வெள்ளைச் சட்டைத் தோள் தெரிகிறதா? அது நான். முகம் வரவில்லை. தோள் மட்டும் வந்திருக்கிறது.

முதலில் பத்திரிகை. பெயர் விட்டு வாசிக்கிறேன். எல்லோரும் கவனியுங்கள்.

"மட்டப் படச் சபையின் முன் வைக்கப்படும் குற்றச்சாட்டு. இந்த ஆள் தமக்குக் கொடுக்கப்பட்ட வேடம் எது என்று அறியாமல் அதில் புகுந்தார். கதைக்கு உண்மையாக நிற்காமல், பார்க்கிறவர் கைதட்ட வேண்டும் என்று நின்றார். அழ வேண்டிய இடத்தில் மக்களைச் சிரிக்க வைத்தார். உடன் நடித்தவரின் உழைப்பை எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே இந்த ஆளின் பெயர்..." இங்கே இடம் விட்டிருக்கிறேன்.

நன்றாக இருக்கிறதா ஐயா? ஒரு வாரம் எழுதினேன்.

இனிப் பெயர்கள். ராவுத்தர் சொல்லுங்கள். டைரக்டர். சரி. நான் முன்மொழிவது மோகனதாரா. டீச்சர்? தனியாகப் பெயர் இல்லை. சரி. தெய்வசிகாமணி, நீ. உரக்கச் சொல். சாட்சிக்குக் கேட்க வேண்டாமா?

இன்னொரு தரம் சொல்.

ஓ.

இல்லை ராவுத்தரே, நீங்கள் ஏன் அவனைத் தடுக்கிறீர்கள்? யார் பெயரையும் சொல்லலாம் என்று எழுதியது யார்? நான். படத்தில் வேலை செய்திருந்தால் போதும். நான் நடித்திருக்கிறேன். போஸ்டரிலும் இருக்கிறேன். பெயர் செல்லும். அவனை விடுங்கள், அழுகிற ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். எதற்கு அழுகிறாய் தெய்வசிகாமணி? முன்மொழிகிறவன் அழக் கூடாது. அந்தம்மாவை இன்னொரு தரம் எரிக்க விட மாட்டேன் என்கிறாயா? சரி. அது உன் வாதம். பதிவாகிவிட்டது.

சாட்சி ஐயா, நான் திரும்பி நிற்கிறேன். ஒவ்வொரு பெயராகச் சொல்வேன். நீங்கள் கையை எண்ணுங்கள். எனக்கு எண்ணிக்கை வேண்டாம். பெயர் மட்டும் போதும்.

இந்தச் சுவரில் தார் ஒழுகியது இன்னும் இருக்கிறது. மழை எத்தனை பெய்தாலும் போகவில்லை.

டைரக்டர். தூக்குகிறவர்கள் தூக்கலாம்.

மோகனதாரா.

கை தூக்கும் ஓசை யாருக்கும் கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்கும். எத்தனை கூட்டம் பார்த்தவன்! இதுவரை ஓசையில்லை.

மூன்றாவது பெயர்.

டீச்சர், அது உங்கள் வளையல்.

இருக்கட்டும். இருக்கட்டும். யாரும் கையை இறக்காதீர்கள், அவர் எண்ணி முடிக்கட்டும். எண்ணிவிட்டீர்களா ஐயா? பெயரைச் சொல்லுங்கள். ஏன் நிற்கிறீர்கள்? பஸ் நிலையத்தில் உங்கள் கையைப் பிடித்துச் சொன்ன பெயர்தான், மறந்திருக்காது. இரக்கப்பட்டு வேறு பெயர் சொன்னால் தீர்ப்பு செல்லாது. நீங்கள் சபைக்குச் சாட்சி, எனக்கு உறவினர் அல்ல.

விட்டுவிடுங்கள் பெரியவரே என்கிறார். கேட்டீர்களா ராவுத்தரே? வெளியூர்க்காரர், விதி தெரியாது. டீச்சரும் அதையே சொல்கிறீர்களா? விளையாட்டுக்குத்தானே அண்ணா, அடுத்த ஞாயிறு வழக்கம்போல வாங்க என்கிறீர்களா? விளையாட்டு என்று யார் சொன்னது? நான் சொன்னேனா? ஒருநாள்கூடச் சொன்னதில்லை. இன்று நான் வளைத்தால், முன்னே வாசித்த பெயர்களெல்லாம் எதற்கு வாசித்தது? ஒரு வருடம் என்றால் ஒரு வருடம். அடுத்த போகிக்கு வருவேன், உயிரோடு இருந்தால். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். அது என் பாடு.

பத்திரிகையைக் கொடுங்கள், நானே வாசிக்கிறேன். வாசகத்தை மாற்ற மாட்டேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். அவளுக்கென்று எழுதியது. அளவு சரியாக இருக்கிறதா தெய்வசிகாமணி? நீதான் சொல்ல வேண்டும், நீதானே தையல்காரன். மூக்கைத் துடை. போஸ்டரின் அந்த ஓரத்தை மட்டும் கிழி. தோளை மட்டும். பார்த்துக் கிழி, அந்த முகத்தில் படக் கூடாது. முகத்தை விட்டுவிடு. தீ சிறியதாக இருக்கிறது, அதற்காகத்தான். வேறொன்றுமில்லை.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பெயர் வாசிக்கும்போது உட்காரக் கூடாது. சாட்சி ஐயா, நீங்களும் கிட்டே வாருங்கள், காதில் விழ வேண்டும். ஒலிபெருக்கி இல்லை, பரவாயில்லை, என் தொண்டை போதும். காவல் நிலையத்தில் பெயர் கேட்டால் தகப்பன் பெயரோடு நிமிர்ந்து சொல்ல வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"...உடன் நடித்தவரின் உழைப்பை எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே இந்த ஆளின் பெயர் அடுத்த போகி வரை இந்தச் சபையில் ஒலிக்காது. கடைசியாக ஒருமுறை, சாட்சிகள் முன்னிலையில் வாசிக்கப்படுகிறது. பொள்ளாச்சி, நாச்சிமுத்து மகன், அறவாழி."